அமீனாவின் ஆமை

எனக்கு மேசை கிடையாது. மேசைமேல் வைக்கிற சாமான் மட்டும் ரெண்டு இருந்தது. ஒன்று கண்ணாடி உருண்டை, மற்றது வெண்கல ஆமை. இந்தக் கதையை யாரிடமாவது நான் ஆரம்பித்தால் என் வீட்டுக்காரி அடுக்களையில் இருந்தபடியே சிரிப்பாள். சிரிக்கட்டும். அவளுக்கு இதில் பாத்தியதை உண்டு.

நான் முன்சீப் கோர்ட்டில் அமீனா. எந்த ஊர்க் கோர்ட் என்று சொல்ல மாட்டேன். இரணியலுக்கும் குலசேகரத்துக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவும் அதே கோர்ட்டில் அமீனாவாக இருந்து, வேலையில் இருக்கும்போதே கண்ணை மூடினார். பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்த கையோடு அவருடைய காக்கிக் கோட்டை எனக்கு மாட்டிவிட்டார்கள். கோட்டு தொளதொளவென்று கிடந்தது. தோளில் குறுக்கே போடுகிற பட்டையும் அதிலுள்ள பித்தளை வில்லையும்கூட அவருடையதுதான். வேலை கிடைத்ததே பெரிசு என்று அம்மா சொன்னாள். கொஞ்ச நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அமீனா என்றால் என்ன ஜோலி என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. முன்சீப் ஆற அமர உட்கார்ந்து, ‘தெற்கு அறை தம்பிக்கு’ என்று தீர்ப்பு எழுதிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார். அந்த அறையில் பாயை விரித்துக் கிடக்கிற அண்ணனிடம் போய், ‘எழும்பும் வோய்’ என்று சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? அந்த ஆள் நான். சம்மன் கொடுக்க, ஜப்தி செய்ய, வீட்டை ஒழிக்க, வேலி பிடுங்க, எல்லாவற்றுக்கும் நான்தான்.

அதனால்தான் நம்ம ஆட்கள் ஒரு பழமொழி உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். ‘ஆமை புகுந்த வீடும் அமீனா நுழைந்த வீடும் உருப்படாது.’ இது தமிழ் பேசுகிற எல்லா ஊரிலும் உள்ளது. எங்கள் பக்கத்தில் கூடுதலாக ஒன்று உண்டு. அப்போது எங்கள் தாலுக்கா திருவிதாங்கூரில் கிடந்தது, கோர்ட் பாஷை மலையாளம். மலையாளத்தில் அமீனாவை ஆமீன் என்பார்கள். ‘ஆமை பாதி மீன் பாதி’ என்று பிள்ளைகள் என் பின்னாலேயே பாடிக்கொண்டு வரும். கடற்கரையில் ஒரு மீன்காரி சம்மனைக் கையில் வாங்கிக்கொண்டு, “ஆமீன் வந்தாச்சுன்னா பெறவு ஆமென் தான்” என்று சிலுவை போட்டாள். நல்ல வாய். எனக்கே சிரிப்பு வந்தது. சம்மன் கொடுக்கிறவன் சிரிக்கக்கூடாது என்று மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

சிரிப்பெல்லாம் அதோடு சரி. ஒரு வீட்டிலும் உள்ளே வா என்று சொல்ல மாட்டார்கள். வெயிலில் எத்தனை மைல் நடந்து போனாலும் குடிக்க ஒரு சொம்பு வெள்ளம் கிடைக்காது. சொந்தக்காரர்களும் அப்படித்தான். கல்யாணக் கடுதாசியை வேறு யார் கையிலாவது கொடுத்தனுப்புவார்கள். நானாகப் பந்தலுக்குப் போனால், “வாரும், வாரும்” என்று வாசலிலேயே வெற்றிலைத் தட்டை நீட்டி அனுப்பிவிடுவார்கள்.

வீட்டுக்காரிக்கு ஒரே அண்ணன். கிழக்கே, தோவாளைப் பக்கம். அவன் புதுவீடு கட்டிப் பால்காய்ச்சுக்கு அழைக்க வந்தான். காப்பி குடித்தான், நல்லபடியாகப் பேசினான். போகும்போது வாசல் படலையடியில் நின்று தங்கையிடம் மெதுவாகச் சொன்னான். “பிள்ளே, ஒண்ணும் நெனைக்காதே. மாப்பிள்ளை முற்றத்துப் பந்தல்ல இருக்கட்டும். வீட்டுக்குள்ள வேண்டாம். புதுவீடுல்லா, நாலு பேரு நாலு சொல்லும்.”

எனக்குக் காதில் விழுந்தது. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. “அவிய என்னைக்கு உள்ள வரலாமோ, அன்னைக்கு நானும் வாறேன்” என்றாள். அவனோ, தங்கைதானே, சும்மா சொல்லுகிறாள் என்று நினைத்துப் போய்விட்டான். அவள் சும்மா சொல்லுகிற ஜாதி இல்லை. பால்காய்ச்சுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. அவளுடைய அம்மை அந்த வீட்டில்தான் இருந்தாள். தாயும் மகளும் திருவிழாவுக்குத் திருவிழா கோவில் நடையில் சந்தித்து, பொரிகடலை தின்றுகொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நான் கொஞ்சம் தள்ளி நிற்பேன். பாவி, என்னால்தானே என்று நினைத்துக்கொள்வேன்.

இதற்கு ஒரே வழி, நான் அமீனா வேலையை விட்டு மேசைக்கு மாறுவது. அது நடக்காத காரியம் இல்லை. ஆபீஸ் பரீட்சை எழுதித் தேறினால், குமாஸ்தா இடம் காலியாகும்போது அமீனாவையும் எடுப்பார்கள். நான் தேறி வைத்திருந்தேன். குமாஸ்தா நுழைந்த வீடு என்று பழமொழி ஒன்றும் கிடையாது பாருங்கள். காகிதமும் பேனாவும் மேசையுமாக ஒரு மூலையில் கசேரி போட்டு உட்கார்ந்துவிட்டால் போதும், மச்சான் வீட்டுக்குள் மார்பை நிமிர்த்திக்கொண்டு போகலாம். “கசேரி கெடச்ச மறுநாளே நான் எங்க அம்மையப் பாக்கப் போவேன்” என்று அவள் சொல்லியிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் எஸ்டேட்டுக்கு ஒரு சாட்சி சம்மனோடு போனேன். மானேஜர் வெள்ளைக்காரன். நல்ல மழை. வழக்கம்போல முற்றத்தில் நனைந்துகொண்டு நின்றேன். அவனே வெளியே வந்து பார்த்து, அரைகுறை மலையாளத்தில் “கேறி வா” என்றான். உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தன் மேசைக்கு எதிரே கசேரியில் உட்காரச் சொன்னான். நனைந்த கோட்டோடு எப்படி உட்கார என்று நான் முழித்தேன். அவன் மறுபடியும் கையைக் காட்டினான். உட்கார்ந்தேன். அவனுக்கு நம்ம பழமொழி தெரியாது, பாவம். அந்த எஸ்டேட் பிறகு உருப்பட்டதா என்று கேட்காதீர்கள். அவன் கொஞ்ச காலத்தில் எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் கப்பலேறினான். ஆனால் அது சுதந்திரம் வந்ததால், என்னால் இல்லை.

அந்த மேசை இப்போதும் கண்ணில் நிற்கிறது. பச்சைத் துணி விரித்திருந்தது. அதன்மேல் ஒரு கண்ணாடி உருண்டை, அடிப்பக்கம் மட்டும் தட்டை. உள்ளே சிவப்பும் நீலமுமாகப் பொடிப்பூக்கள், நடுவில் ஒரே ஒரு காற்றுக் குமிழ். பக்கத்தில் ஒரு வெண்கல ஆமை. உள்ளங்கையில் அடங்குகிற அளவு. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, யாரோ கூப்பிட்டதைக் கேட்பதுபோல் இருந்தது. முதுகு மட்டும் கைபட்டுக் கைபட்டுப் பளபளவென்று தேய்ந்திருந்தது. ஜன்னல் வழியே மலைக்காற்று அடித்து, நான் கொடுத்த சம்மன் பறக்கப் பார்த்தது. அவன் ஆமையைத் தூக்கி அதன்மேல் வைத்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டான். நான் கொண்டுபோகிற காகிதத்தை ஒரு மனுஷன் இப்படி மரியாதையாக மேசையில் வைத்து நான் பார்த்ததில்லை. மற்ற வீடுகளில் அதை நுனிவிரலால் பிடிப்பார்கள்.

அவன் போனபிறகு பங்களாச் சாமான்கள் தொடுவெட்டிச் சந்தையில் ஒரு பழைய சாமான் கடைக்கு வந்தன. கட்டிலும் அலமாரியும் வந்த அன்றே போய்விட்டன. கண்ணாடி உருண்டையை மட்டும் கடைக்காரர் வெற்றிலைக் கவுளி பறக்காமல் இருக்க அதன்மேல் வைத்திருந்தார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பூவெல்லாம் பெரிதாகி, கண்ணுக்குள் வந்துவிடும்போல் இருந்தது. விலை ஒரு நல்ல வேட்டிக்கு ஆகிற காசுதான். அந்த ஓணத்துக்கு நான் பழைய வேட்டியை ஒட்டுப்போட்டு உடுத்தேன்.

ஏன் வாங்கினாய் என்று கேட்டால் எனக்கு ஒரு நியாயம் உண்டு. எத்தனையோ வீட்டுச் சாமான்களை என் கையால் முற்றத்தில் எடுத்துப் போட்டிருக்கிறேன். அண்டா, குத்துவிளக்கு, தொட்டில். உபயோகமான சாமான் என்றால் ஏலத்தில் கேட்க ஆள் வரும். ஒருதடவை ஒரு பெண்பிள்ளை கடல்சோவி ஒட்டி அலங்காரம் பண்ணின சின்ன மரப்பெட்டி ஒன்று வந்தது. யாரும் கேட்கவில்லை. அதை மட்டும் அவள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். ஒன்றுக்கும் உதவாத அழகுதான் எந்த அமீனா வந்தாலும் நம்மோடு கிடக்கும் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. ராஜாக்கள் அரண்மனை கட்டுகிறார்கள். நான் ஒரு வேட்டி விலையில் ஒரு உருண்டை வாங்கினேன். என் சக்திக்கு அதுதான் அரண்மனை.

வீட்டுக்காரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது என்னத்துக்கு?”

“மேசைமேல காகிதம் பறக்காம இருக்க.”

“மேசை எங்க?”

“வரும்.”

“எரும வாங்குமுன்ன நெய்க்கு வெல பேசுகியளோ?” என்று சொல்லிக்கொண்டே அதைக் கொண்டுபோய் நெல் பத்தாயத்தின்மேல் வைத்தாள். எங்கள் கூரையில் வெளிச்சத்துக்கென்று ஒரு கண்ணாடி ஓடு போட்டிருந்தது. உச்சிவெயில் அது வழியாக உருண்டையில் விழுந்தால், சுவரில் ஒரு வர்ணப்பொட்டு மெல்ல நகர்ந்துகொண்டு போகும். அவள் நான் இல்லாத நேரம் பார்த்து உருண்டையை முந்தானையால் துடைத்து வைப்பாள். கேட்டால் தூசு என்பாள். ஒருநாள் அதைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, “இந்தக் குமிழு வெளிய வரணும்னா எப்படி வரும்?” என்று கேட்டாள். உடைத்தால்தான் வரும் என்றேன். “அப்போ அங்கயே கெடக்கட்டும்” என்றாள்.

ஆமை பிறகு சில மாதம் கழித்துக் கடையில் தென்பட்டது. யாரோ வாங்கிப்போய், வீட்டில் சண்டையாகித் திருப்பிக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். “ஆமீனுக்கு ஆமை பொருத்தம்தான் வோய்” என்று கடைக்காரர் பாதி விலைக்குக் கொடுத்தார். சந்தோஷத்தில் நான் படலையைத் திறக்கும்போதே, “ஏட்டி, ஓட்டாமை ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கேன்” என்று குரல் கொடுத்துவிட்டேன். எங்கள் மேற்குப் பக்கத்தில் வெண்கலத்துக்கு ஓடு என்றும் பேர், மலையாளத்துப் பழக்கம். அவள் கிழக்கத்திக்காரி. ஓடுள்ள, உயிருள்ள ஆமையையே பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று நினைத்து, முற்றம் பெருக்குகிற வாரியலோடு ஓடிவந்து நடையை மறித்துக்கொண்டாள்.

வெண்கலம் என்று காட்டினேன். வாரியலைத் தாழ்த்தினாள், வழி விடவில்லை. “உயிர் இல்லேன்னாலும் ஆமை ஆமைதான். அமீனா ஏற்கெனவே உள்ள இருக்கு. அதுக்கு மேல ஆமையும் கேட்டுதாக்கும்?” என்றாள். முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் சிரிப்பு போய்விட்டது. “எனக்கு ஒரு கசேரி வரணும்னு நான் வெளக்கு வச்சுக்கிட்டு இருக்கேன். இதை உள்ள கொண்டு வராதீங்க” என்றாள். 

கொண்டுபோய் விற்கவும் மனசு வரவில்லை. கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். கோட்டு வாசல் ஆணியில் தொங்கும். ஆமை ராத்திரி அதற்குள் கிடக்கும், பகலில் என்னோடு நடக்கும். ஏதாவது வீட்டு முற்றத்தில், அழுகையும் சாபமுமாகக் கேட்டுக்கொண்டு நிற்கிற நேரத்தில், பைக்குள் கையை விட்டு அதன் முதுகைப் பிடித்துக்கொள்வேன். என் சூட்டில் அதுவும் சூடாகும். அந்த நேரத்துக்கு நானும் ஒரு பச்சைத்துணி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதுபோல் மனசு அமைதியாகும். பழமொழிக்கு ஆமையோ அமீனாவோ ஒன்று போதும். நான் ரெண்டையும் சேர்த்தே ஊர்முழுக்க நுழைத்துக்கொண்டிருந்தேன், யாருக்கும் தெரியாது.

பிறகுதான் வினை வந்தது. ஒரு பாகவழக்கு. அண்ணன் வடக்கு, தம்பி தெற்கு என்று தீர்ப்பு. முற்றத்தில் கயிறு பிடித்து, எல்லைக்குக் குற்றி அடிக்க நான் குனிந்தேன். கோட்டு அப்பா காலத்துக் கோட்டு, பையின் தையல் விட்டிருந்தது. ஆமை எப்போது விழுந்தது என்று தெரியாது. சாயங்காலம் ரோட்டில் வரும்போது பையில் கையை விட்டால் விரல் வெளியே வருகிறது. திரும்பி ஓடினேன். பாதி வழியில் சாயாக்கடை. அங்கே நின்ற ஆட்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். கடைக்காரர் மட்டும் குனிந்து கேட்டார். “என்ன வோய், அங்க ஆமை வச்சிட்டீராமே?”

நடந்தது இதுதான். அண்ணன் பெண்டாட்டி வடக்குப் பாகத்தில் அம்மியடியில் ஆமையைக் கண்டிருக்கிறாள். அந்த வீட்டில் பசு கன்றுபோட்டு, கன்று செத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தம்பிக்காரன் அமீனாவைக் கையில் போட்டுக்கொண்டு செய்வினை செய்துவிட்டான், அமீனாவே குற்றி அடிக்கிற சாக்கில் ஆமையைப் பதித்துவிட்டார் என்று ஒப்பாரி. மந்திரவாதிக்கு ஆள் போய்விட்டது. நான் போய், ‘அது என் மேசைச் சாமான்’ என்று கேட்க முடியுமா? ‘பார், அவனே ஒத்துக்கொண்டான்’ என்பார்கள். எந்த மேசை என்று கேட்டால் நான் எங்கே போவேன்? சாயாக்கடை வாசலில் இருந்தே திரும்பிவிட்டேன். வழியெல்லாம் வெறும் பையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

மறுநாள் அண்ணன்காரன் ஆமையைச் சிவப்புத் துணியில் கட்டி, வேப்பிலை சுற்றி, ஒரு ஓலைக் கடவத்தில் வைத்துக் கோர்ட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். கூடவே புகார். முன்சீப் சின்ன வயசுக்காரர், திருவனந்தபுரத்தில் படித்தவர். துணியை அவிழ்த்து வெறும் கையால் ஆமையை எடுத்தார். நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். “கொள்ளாமல்லோ” என்று மெச்சி முதுகைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “இது நின்றெயா?” என்று கேட்டார்.

அந்த மாதம் ஒரு குமாஸ்தா பென்ஷனாகிப் போயிருந்தார். அடுத்தது நான்தான் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. என்னுடையது என்றால் செய்வினைக்காரன், கசேரி போச்சு. இல்லை என்றால் ஆமை போச்சு. நான் இல்லை என்று தலையாட்டினேன். முன்சீப், “விசாரிச்சு ரிப்போர்ட் செய்யணும்” என்று எழுதி, புகாரை ஒரு காகிதக் கட்டில் சேர்த்து மேசைத் தட்டில் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க ஆமையை அதன்மேலேயே வைத்துச் சிரஸ்தாரிடம் காட்டினார். சிரஸ்தார் என்றால் ஆபீஸுக்கு மூத்தவர், எல்லாக் கட்டும் அவர் கைவழியாகத்தான் நகரும். அடுத்த மாதமே அந்த முன்சீப்புக்கு மாறுதல் வந்துவிட்டது.

இனிமேல்தான் கூத்து. கட்டைப் பிரித்தால்தான் விசாரணை நடக்கும். கட்டின்மேல் ஆமை இருக்கிறது. ஆமையை யார் தொடுவது? சிரஸ்தார் சந்தனப்பொட்டும் பஞ்சாங்கமுமான மனுஷர். “நான் பிள்ளகுட்டிக்காரன் வோய்” என்றார். முன்சீப் வைத்துவிட்டுப் போன தட்டோடு அப்படியே தூக்கி அலமாரி உச்சியில் ஏற்றச் சொன்னார். சேவகன் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றினான். புது முன்சீப்மார் வந்தார்கள், போனார்கள். குமாஸ்தா இடம் காலியாகும்போதெல்லாம், “அவர்மேல ஒரு புகார் கெடக்கே” என்பார்கள். புகார் என்ன ஆச்சு என்றால் எல்லோரும் அலமாரி உச்சியைப் பார்ப்பார்கள். என்னைவிட வயசு குறைந்தவர்கள் மேசைக்குப் போனார்கள்.

அமீனாக்களுக்கு வராந்தாவில் ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியே நேரே அந்த அலமாரி. என் ஆமை என் பேரிலுள்ள கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டு, தலையைச் சாய்த்து என்னையே பார்க்கும். நானே எழுந்துபோய் எடுத்தால் என்ன? எடுக்கலாம். ‘பாத்தீரா, பயமில்லாம எடுக்கான், அவனுக்குள்ளதுதான்’ என்று அந்த நிமிஷமே முடிந்துவிடும். எடுக்காதவரைக்கும் கட்டு நகராது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். யார்மேல் என்று தெரியாமல் பெஞ்சைக் குத்துவேன். முதுகிலுள்ள பளபளப்பு தூசுக்குள் போய், கடைசியில் தூசு மட்டும்தான் தெரிந்தது.

அப்படியே வருஷங்கள் போயின. எங்கள் தாலுக்கா மதராஸோடு சேரப்போகிறது என்று முடிவானது. கோர்ட்டில் கட்டுகளை ஒழித்து, எது அந்தப் பக்கம் எது இந்தப் பக்கம் என்று பிரிக்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் சிரஸ்தார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அவர் வடக்கே, மலையாளப் பக்கம் போகிறவர். போகிற நேரத்தில் நல்லது செய்ய நினைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

“அந்த அண்ணனும் தம்பியும் எப்பவோ ராசியாயி, இப்போ ஒரே அடுப்புலதான் பொங்குதாவ. புகாரை நடத்த ஆளில்ல. நாளைக்கு அந்த ஆமையக் கம்பால தள்ளி, கொளத்துல போடச் சொல்லியிருக்கேன். தொண்டிச் சாமான் இல்லேன்னா புகாரும் இல்ல. உமக்குக் கசேரி கொடுக்கச் சொல்லிக் குறிப்பு எழுதி வச்சிருக்கேன். நீரு ஒண்ணும் செய்யாண்டாம். பேசாம நின்னாப் போதும்.”

வீட்டில் போய்ச் சொன்னேன்.  அவள் பெட்டியைத் திறந்து, கல்யாணச் சேலையை எடுத்து மோந்து பார்த்தாள். “பூச்சிவாடை அடிக்கு. காலைல வெயில்ல போடணும்” என்றாள். அம்மைக்குப் பலகாரம் என்ன கொண்டுபோகலாம் என்று படுக்கும்வரை பேசிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் சேவகன் கம்போடு வந்தான். மூக்கைத் துணியால் கட்டியிருந்தான். கீழே கடவத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தன். கம்பால் இடித்ததும் ஆமை நகர்ந்து, தட்டின் விளிம்பில் தொங்கி, கடவத்தில் விழுந்தது. கடவத்தின் அடியில் ஒரு பழைய பூட்டு கிடந்திருக்கிறது. அதில் பட்டு மணி அடித்ததுபோல் ஒரு சத்தம். நல்ல வெண்கலம். செத்த எலியைக் கொண்டுபோவதுபோல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் பின்னாலுள்ள குளத்துக்குப் போனார்கள். ஆபீஸ் முழுக்கப் பின்னால் வந்தது. நானும் போனேன். பேசாமல் நின்றேன். கை தானாகக் கோட்டுப் பைக்குள் போயிற்று. தையலை அவள் எப்பவோ இழுத்துத் தைத்து வைத்திருந்தாள்.

கடவத்தைக் கவிழ்க்கப் போனான்.

“நில்லு மக்கா” என்றேன். “அது எனக்குள்ளது.”

சிரஸ்தார் என் கையைப் பிடித்து, “என்ன வோய் சொல்லுதீரு?” என்றார். நான் கையை உருவிக்கொண்டேன். “தொடுவெட்டியில காசு கொடுத்து வாங்கினது. நான் வைக்கல்ல, பையில இருந்து விழுந்தது. அது என் மேசைச் சாமான்” என்றேன். கடவத்தில் கையை விட்டு எடுத்து, கோட்டின் ஓரத்தால் தூசைத் துடைத்தேன். எல்லோரும் வழி விட்டார்கள்.

ஏன் சொன்னாய் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். கோபம்தான், வேறென்ன. நான் ஆயிரம் வீட்டுச் சாமானை எடுத்து வெளியே போட்டவன். எனக்கென்று ஆசைப்பட்டு வாங்கின சாமானை, என் கண்முன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு கம்பால் தள்ளுகிறார்கள். என்னையும் இத்தனை காலம் அப்படித்தானே தள்ளினார்கள். கம்பு மட்டும்தான் இல்லை. சிரஸ்தார் சட்டைப்பையில் இருந்து அந்தக் குறிப்பை எடுத்தார், கொஞ்சம் பார்த்தார், திரும்ப மடித்து வைத்துக்கொண்டார். “இனி நான் என்னத்த எழுதட்டும்?” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வரும்போது முற்றத்துக் கொடியில் கல்யாணச் சேலை கிடந்தது. அவள் வாசலில் நின்று, “கெடச்சுதா?” என்றாள். நான் பையில் இருந்து ஆமையை எடுத்துக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன், ஒன்றையும் விடவில்லை.

அவள் ஆமையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். “அப்போ எங்க அம்மைய இனியும் கோவில் நடையிலதான் பாக்கணும்” என்றாள்.

“ஆமா.”

கொடியில் இருந்து சேலையை எடுத்து, மடிப்பு மடிப்பாக மடித்தாள். உள்ளே போய்விட்டாள். பெட்டி மூடுகிற சத்தம் கேட்டது. நான் முற்றத்திலேயே நின்றேன். ஊரார் முற்றத்தில் எல்லாம் நின்று பழக்கம்தான், ஆனால் என் முற்றத்தில் அப்படி நின்றது அன்றைக்குத்தான். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கால் கடுத்தது. உள்ளே போக எனக்குத் தைரியம் வரவில்லை.

ரொம்ப நேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது. “அங்கயே என்னத்துக்கு நிக்கிய? ஜப்திக்கு வந்திருக்கியளா?”

“கையில ஆமை இருக்கு” என்றேன்.

“தெரியும். அதையும் எடுத்துக்கிட்டு உள்ள வாங்க.”

போனேன். பத்தாயத்தின்மேல் கண்ணாடி உருண்டையை ஒரு பக்கமாகத் தள்ளி, இடம் ஒதுக்கி வைத்திருந்தாள்.